நாற்பத்தொரு சந்தேகங்கள்

ஈரோட்டில் ஒரு வணிகர் சங்கக் கட்டடத்தின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் பூங்கோதை டீச்சர் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்து வந்தார். காசு வாங்குவதில்லை. வார நாட்களில் அவரும் ஒரு கம்பெனியில் நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்தான். வயது முப்பத்தாறு.

அவருக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் தண்டபாணி. சீடருக்கு வயது ஐம்பத்தைந்து. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். முதல் வகுப்புக்கு வந்த முதல் ஆள். படித்து முடித்த பிறகும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார். சீடர் என்றால் இரண்டு பேருமே சிரிப்பார்கள். ஆனால் அவர் செய்தது சீடர் வேலைதான். கதவைத் திறப்பார், நாற்காலி போடுவார், டீச்சர் சொன்னால் மறு பேச்சு கிடையாது. ஒரே ஒரு தடவைதான் டீச்சர் சொன்னதை மீறினார்.

அந்த வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கு இரண்டு ஒட்டுச் சீட்டு கொடுப்பார்கள். லேப்டாப் மூடியில் பச்சையை ஒட்டினால் எழுதியது ஓடுகிறது என்று அர்த்தம். சிவப்பை ஒட்டினால் சந்தேகம் இருக்கிறது, யாராவது வாருங்கள் என்று அர்த்தம். கையைத் தூக்கிக் கூச்சப்பட வேண்டாம். சீட்டைப் பார்த்து டீச்சரோ தண்டபாணியோ வந்து குனிவார்கள்.

இலவச வகுப்பு என்றால் மோப்பம் பிடித்துக் கம்பெனிக்காரர்கள் வந்துவிடுவார்கள். சோறு போடுகிறோம், லேப்டாப் தருகிறோம், நல்ல பிள்ளைகளாக இருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். டீச்சர் வேண்டாம் என்று சொன்னதில்லை. வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேலைக்காகத்தான் வந்தார்கள். ஆனால் கம்பெனிக்காரர்களுக்கு மேஜை கீழேதான். மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில். வகுப்பு முடிந்து இறங்குகிறவர்களில் விருப்பம் உள்ளவர்கள் நின்று பேசலாம். மேலே அவர்கள் வரக்கூடாது.

ஒரு நாள் தண்டபாணி கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், நமக்குச் சோறு போடறவங்களைப் போய்க் கொசுக்கடியில உக்கார வெக்கறமே. மேல ஒரு நாற்காலி போட்டா என்னுங்க?”

“கீழயே இருக்கட்டுமுங்கண்ணா.”

“அதான் ஏனுங்க?”

டீச்சர் ஒரு சிவப்புச் சீட்டைக் கிழித்துத் தண்டபாணியின் சட்டைப் பையில் ஒட்டினார்.

“இப்படியே போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.”

தண்டபாணி போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். சட்டையில் சீட்டு இல்லை.

“சீட்டு எங்கீங்கண்ணா?”

“வாசல்லயே எடுத்துட்டனுங்க. கடையில நாலு பேரு பாப்பாங்களே.”

டீச்சர் சிரித்தார். தண்டபாணியும் சிரித்தார். கேலி என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பருவத்தில் சௌடேஸ்வரி வந்து சேர்ந்தாள். பெட்ஷீட் கம்பெனியில் செக்கிங் வேலை. பத்து மணி நேரம் நின்றபடி துணியைப் பார்க்க வேண்டும். தறியில் ஒரு இழை விட்டிருந்தாலும் அவள் மேஜையைத் தாண்டாது. அப்படி ஒரு கண். கால்தான் ஒத்துழைக்கவில்லை. இருபத்தெட்டு வயதிலேயே நரம்பு சுருட்டிக்கொண்டு நின்றது. உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தேடிக்கொள், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு மாடி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவாள்.

முதல் நாள் சிவப்புச் சீட்டைக் கொடுத்ததும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“இது வேண்டாமுங்க டீச்சர். எங்க கம்பெனியில இந்த மாதிரி ஒட்டறது டேமேஜ் பீஸுக்குங்க. ஒட்டுனா ரிஜெக்ட்டு.”

டீச்சர் ஒரு சீட்டைக் கிழித்துத் தன் லேப்டாப்பில் ஒட்டிக்கொண்டார்.

“எனக்கும் இதுல ஒரு எடம் புரியல. வா அம்மிணி, ரெண்டு பேரும் பாக்கலாம்.”

அன்றைக்கு ஒட்ட ஆரம்பித்தவள்தான். அது ஏன் அப்படி, இதை மாற்றினால் என்ன ஆகும், போன வாரம் ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் கிடைத்ததும் சீட்டை எடுத்துப் புடவை ஓரத்தில் ஒட்டிக்கொள்வாள். சாயங்காலம் போகும்போது ஓரமெல்லாம் சிவப்பாக இருக்கும்.

தண்டபாணிக்கு எழுதுகிற பழக்கம். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று இருபத்தெட்டு வருஷம் எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டுப் போட்டார். அட்டையில் ‘சந்தேகம்’ என்று எழுதினார். யார் எந்தப் பாடத்தில் எத்தனை தடவை சிவப்பு ஒட்டினார்கள் என்று குறித்துவந்தார். எங்கே இடறுகிறார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்தை இன்னொரு தடவை நடத்தலாம் அல்லவா? டீச்சரும் அதைப் பார்த்து நல்லது என்றார். நிறையக் கேட்கிறவர்தான் நிறையக் கற்றுக்கொள்கிறார் என்பதைத் தண்டபாணி அந்த நோட்டில்தான் கண்டுபிடித்தார். அதில் அவருக்குப் பெருமை.

பிறகு டீச்சர் ஐந்து வாரம் சென்னையில் வேலை பார்க்க வேண்டி வந்தது.

“வகுப்பை நீங்க பாத்துக்குங்கண்ணா. கீழ மேஜை கீழயே இருக்கட்டும்.”

“சரிங்க டீச்சர்.”

முதல் ஞாயிற்றுக்கிழமையே கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. பதினைந்து லேப்டாப், ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம். வந்தவர் பெயர் நிரஞ்சன். மரியாதையான மனிதர். கைகுலுக்கும்போது தலையையும் தாழ்த்துவார்.

“கீழ ஃபேன் கூட இல்லீங்க சார். நான் மேல கடைசில ஓரமா உக்காந்துக்கட்டுமா? வாயே தெறக்க மாட்டேன்.”

தண்டபாணிக்கு மறுக்க வாய் வரவில்லை. பதினைந்து லேப்டாப் கொண்டுவந்தவரிடம் எப்படி மறுப்பது? நாற்காலியை அவரே தூக்கிப் போய்ப் பின் வரிசையில் போட்டார். துண்டால் துடைத்தும் வைத்தார்.

நிரஞ்சன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாயே திறக்கவில்லை. முழங்கால் மேல் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரம் அவர் தண்டபாணியைத் தனியாக அழைத்தார்.

“ஆறு பேர் எடுக்கலாம்னு இருக்கோம் சார். யார் எப்படின்னு ஏதாவது குறிச்சு வெச்சிருக்கீங்களா?”

கேட்டதும் தண்டபாணிக்கு வாயெல்லாம் பல். இருபத்தெட்டு வருஷம் எழுதியதை ஒருவரும் கேட்டுப் படித்ததில்லை. அன்றே உட்கார்ந்து நோட்டு முழுவதையும் தட்டச்சு செய்தார். அதிகமாகக் கேட்டவர் மேலே, குறைவாகக் கேட்டவர் கீழே. முதல் பெயர் சௌடேஸ்வரி, நாற்பத்தொன்று. கடைசிப் பெயருக்கு நேராகப் பூஜ்யம். தலைப்பு ‘டவுட் லிஸ்ட்’. அனுப்பிவிட்டார்.

அனுப்பியதோடு விட்டிருக்கலாம். மறு வாரம் சௌடேஸ்வரியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

“மொத பேரு உன்றதுதான் அம்மிணி.”

“நெசமாலுங்களாண்ணா?”

“நானே கைப்படப் போட்டு அனுப்பியிருக்கறேன்.”

திங்கட்கிழமை அவள் பெட்ஷீட் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் போய், மாசக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாள். அவர்கள் அன்றே அவள் மேஜைக்கு வேறொருத்தியைப் பழக்க ஆரம்பித்தார்கள்.

ஐந்தாம் வாரம் நிரஞ்சன் ஆறு பெயரைப் படித்தார். ஆறும் பட்டியலின் அடியிலிருந்து எடுத்த பெயர்கள். முதலாவதாகப் படித்தது பூஜ்யத்துக்கு நேரே இருந்த பெயர். அது ஒரு கல்லூரிப் பையன், பொட்டலத்துக்காக வருகிறவன். ஐந்து வாரத்தில் இரண்டு தடவை லேப்டாப்பைத் திறந்திருக்கிறான், அதில் ஒரு தடவை கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க. அவனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எப்படி வரும்?

கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். சௌடேஸ்வரியும் தட்டினாள். ஏழாவது பெயர் வரும் என்று நினைத்தாளோ என்னவோ, தட்டி முடித்த பிறகும் நிரஞ்சன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்டபாணி படியில் ஓடி இறங்கி நிரஞ்சனைப் பிடித்தார்.

“சார், மொத பேரை விட்டுட்டீங்களே?”

“யாரு சார்?”

“சௌடேஸ்வரிங்க.”

“ஓ, அந்த ஃபார்ட்டி ஒன்.” நிரஞ்சன் சிரித்தார். “சார், உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும். டவுட்ஃபுல் ஆளுங்களை எல்லாம் நீங்களே மேல வரிசையாப் போட்டுக் குடுத்துட்டீங்க. எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.”

தண்டபாணி அவருக்குக் குறுக்கே வந்து நின்றார்.

“சார், அது அப்படியில்லீங்க. சந்தேகம்னா கேள்விங்க. அந்தப் பொண்ணு நாப்பத்தொரு கேள்வி கேட்டிருக்குது.”

வகுப்பில் சந்தேகம் என்றால் கேள்வி. கம்பெனியில் சந்தேகம் என்றால் சந்தேகம்தான். ஒரே சொல், மாடியில் ஒரு அர்த்தம், கீழே ஒரு அர்த்தம். இத்தனை வயசுக்கு அது தெரியாமல் போயிற்றே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

நிரஞ்சன் நின்று யோசித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது.

“புரியுது சார். ஆனா நானும்தான் பின்னாடி உக்காந்து பாத்தேனே. அந்த லேடி மூடியில எப்பவும் செகப்புதான். நாப்பத்தொண்ணு கொஞ்சம் ஜாஸ்தி இல்லீங்களா?”

பொட்டலத்துக்கு வந்த பையன் படியில் உட்கார்ந்து எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். செகப்பு ஒட்டாம இருந்தா எடுக்கறாங்கடா, அவ்வளவுதான்.

புதன்கிழமை தண்டபாணி பெட்ஷீட் கம்பெனிக்குப் போனார். சாப்பாட்டு நேரத்தில் சௌடேஸ்வரி வாசலுக்கு வந்தாள். கையில் சின்னக் கத்தரி, புடவையெல்லாம் நூல்.

“செக்கிங் இல்லையா அம்மிணி?”

“மேஜையை வேற பிள்ளைக்குக் குடுத்துட்டாங்கண்ணா. நான் போகலீங்கன்னு சொன்னேன். பிசிறு வெட்டற எடத்துல வேணா நின்னுக்கோன்னாங்க.”

“உக்காந்து வெட்டறதுதானே?”

“நின்னுதானுங்க.”

தண்டபாணி கீழே பார்த்தார். அவள் ஒரு காலை மாற்றி நின்றாள்.

“என்ற தப்புதான் அம்மிணி.”

“நீங்க தப்பா ஒண்ணும் எழுதலீங்களே. நாப்பத்தொண்ணும் நான் கேட்டதுதானுங்க.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை வந்துரு. டீச்சர் வந்துருவாங்க. அடுத்த மாசம் மறுக்கா ஆள் எடுக்கறாங்களாமா.”

“வாரனுங்க.” உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். “எனக்குச் சிவப்புச் சீட்டு எடுத்து வெக்காதீங்கண்ணா.”

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். மாடி ஏறியதும் பின் வரிசையில் நிரஞ்சன் எழுந்து வணக்கம் சொன்னார். டீச்சர் வணக்கம் சொன்னார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். பிறகு தண்டபாணியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வகுப்பை ஆரம்பித்தார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இருபத்திரண்டு லேப்டாப்பிலும் பச்சைச் சீட்டு. வகுப்பு அவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை. நிரஞ்சன் மெச்சிக்கொள்வதுபோல் தலையாட்டினார்.

டீச்சர் போர்டில் ஆறு வரி எழுதினார். இரண்டாம் வரியில் ஒரு பெயர் வைத்தார். நான்காம் வரியில் அதே பெயரை ஒரு எழுத்து விட்டுவிட்டு எழுதினார். மனிதர் என்றால் புரிந்துகொள்வார். கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள். ஓடாது.

“எழுதி ஓட்டிப் பாருங்க.”

எல்லாரும் எழுதினார்கள். எவருக்கும் ஓடவில்லை. இருபத்திரண்டு திரையிலும் பிழை என்று வந்து நின்றது. இருபத்திரண்டு மூடியிலும் பச்சை அப்படியே இருந்தது. ஒருவர் பக்கத்துத் திரையை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுத்திவிட்டார்.

டீச்சர் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து சௌடேஸ்வரி பக்கத்தில் நின்றார். அவள் திரையில் பிழை. ஒரு இழை விட்டால் கண்டுபிடிக்கிற அந்தக் கண், போர்டின் நான்காம் வரியில்தான் இருந்தது.

“வருதா அம்மிணி?”

சௌடேஸ்வரி திரையைப் பாதி மூடினாள்.

“வருதுங்க டீச்சர்.”

டீச்சர் அவள் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போர்டுக்குத் திரும்பினார். நான்காம் வரியைத் திருத்தினார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிப் போனார்கள். நிரஞ்சன் டீச்சரிடம், நல்ல பேட்ச் மேடம், ரொம்ப டிசிப்ளின் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்டபாணி கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலி போட்டது, பட்டியல் அனுப்பியது, அவளிடம் போய்ப் பீற்றிக்கொண்டது, கத்தரியும் நூலுமாக அவள் வந்து நின்றது.

“நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க பண்ணுனேன். ஆறு பேருக்கு வேல கெடச்சுதில்லீங்களா? அது பொய்யில்லீங்களே?”

“பொய்யில்லீங்கண்ணா.”

“அப்ப எங்கீங்க தப்பாச்சு?”

டீச்சர் மேஜையில் இருந்த சிவப்புச் சீட்டுக் கட்டை எடுத்தார். ஒன்றுகூடக் கிழிக்காத புதுக் கட்டு. அதைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

“நாலாவது வரி தப்பு. வேணும்னேதான் எழுதுனேன். நீங்க பாத்தீங்களா?”

“பாத்தனுங்க.”

“எப்ப?”

“நீங்க எழுதும்போதே.”

“மத்தவங்களுக்கெல்லாம் வேல வேணும். சும்மா இருந்தாங்க. உங்களுக்கு என்ன வேணுமுங்கண்ணா? நீங்க ஏன் சொல்லலீங்க?”

தண்டபாணி பின் வரிசை நாற்காலியைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த மனுசன் பாத்துக்கிட்டு இருக்கும்போது... டீச்சர் தப்புன்னு எப்படிங்க...”

“அதுக்குத்தானுங்கண்ணா கீழ மேஜை போட்டது.”

தண்டபாணியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று, என்றைக்கோ ஒரு சீட்டு ஒட்டிய இடத்துக்கு. அங்கே ஒன்றும் இல்லை. பின் வரிசைக்குப் போனார். நாற்காலியை மடக்கித் தோளில் தூக்கிக்கொண்டார். கதவருகே போய்த் திரும்பினார்.

“நோட்டைக் கிழிச்சுப் போட்டுடறனுங்க. அவரையும் இனிமே மேல ஏற விடமாட்டேன். சரியாப் போயிருமுங்களா டீச்சர்?”

டீச்சர் சிவப்புக் கட்டை அலமாரிக்குள் வைத்து மூடினார்.

“கீழயே உக்கார வெய்ங்கண்ணா. ஊரை விட்டே அனுப்புனாலும் சரி. இனி சௌடேஸ்வரி திரும்பிப் பாக்கறப்பெல்லாம் அவரு அந்தப் பின் வரிசையிலதான் உக்காந்திருப்பாருங்க.”